தேர்தல் மேடையும் வாக்கு விளைவும் (தேனி, கம்பம் பள்ளத்தாக்கு)

வேட்பாளர் மேடையில் எப்படிப் பேசினார், மக்கள் முன் எப்படி நடந்துகொண்டார் என்று எடைபோட்டு, அதனால் வாக்குகள் எந்தப் பக்கம் சாயும் என்று கணிக்கும் வழக்கம் தேர்தல் நடக்கும் நாடுகளில் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் இதற்குரிய பெரிய களம் அதிபர் வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம். தமிழ்நாட்டில் பொதுக்கூட்ட மேடையும் திறந்த வேனும். எம்.ஜி.ஆர்., வி.என். ஜானகி, ஜெயலலிதா, ஓ. பன்னீர்செல்வம் என முதல்வர் பதவி வகித்த நால்வர் போட்டியிட்ட பகுதி என்பதால், தேனி மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றில் இந்தக் கணிப்புகள் பலித்த இடங்களையும் பொய்த்த இடங்களையும் தெளிவாகக் காணலாம். மதுரையிலிருந்து 1996-இல் பிரிந்த இம்மாவட்டத்தில் இன்று ஆண்டிபட்டி, பெரியகுளம் (தனி), போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய நான்கு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன.

பாட்டுக் கச்சேரிக் காலம்

கம்பம் பள்ளத்தாக்கின் தொடக்ககாலத் தேர்தல் மேடைகளில் பேச்சுக்கு இணையாகப் பாட்டும் கூட்டம் சேர்த்தது. பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிவந்தார். பின்னாளில் இளையராஜா என அறியப்பட்ட அவருடைய தம்பியும் சிறு வயதிலேயே அந்தக் குழுவில் சேர்ந்தார். போடி மெட்டுக்கு அப்பால் கேரளத்தில் உள்ள தேவிகுளம் தொகுதியில் 1958-இல் நடந்த இடைத்தேர்தல், அங்கே ஆண்ட இ.எம்.எஸ். தலைமையிலான பொதுவுடைமை அரசுக்கு மானப் பிரச்சினையாக இருந்தது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடம் பாவலரின் பாட்டுகள் வாக்குக் கேட்டன. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். கொள்கையைத் தொழிலாளியின் பேச்சுமொழியிலேயே பாட்டாக்கித் தந்தது அந்த வெற்றிக்கு உதவிய காரணங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

1984: மேடைக்கே வராத வேட்பாளர்

அக்டோபர் 1984-இல் உடல்நலம் குன்றி அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதல்வர் எம்.ஜி.ஆர்., நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆண்டிபட்டியில் அவர் பெயரில் வேட்புமனு தாக்கலானது. தொகுதிப் பக்கமே அவர் வரவில்லை. அவர் நலம் குறித்து வதந்திகள் பரவியபோது, மருத்துவமனையில் அவர் உணவு உண்பதையும் செய்தித்தாள் படிப்பதையும் காட்டும் படம் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. இந்த ஏற்பாட்டில் அ.தி.மு.க.வின் ஆர்.எம். வீரப்பனின் பங்கு பெரியது.

டிசம்பர் 24-இல் வாக்குப்பதிவு. முப்பதாயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் எம்.ஜி.ஆர். வென்றார். அவருடைய கூட்டணி மாநிலத்தையும் கைப்பற்றியது. அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி கொலையுண்டதால் எழுந்த அனுதாபமும் காங்கிரசுடன் இருந்த கூட்டணியும் கைகொடுத்தன. ஆகவே வெற்றி முழுவதையும் அந்தப் படத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் வேட்பாளர் உயிரோடு இருக்கிறார், திரும்பி வருவார் என்ற நம்பிக்கையை எந்தப் பேச்சாளரைவிடவும் அழுத்தமாக அது ஊட்டியது.

1989: பிளவுபட்ட கட்சியின் சோதனை

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டானது. கட்சியின் இரட்டை இலைச் சின்னம் முடங்கியது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஜனவரி 1989 தேர்தலில் ஜெயலலிதா போடிநாயக்கனூரில் நின்றார். ஜானகி கணவரின் தொகுதியான ஆண்டிபட்டியில் நின்றார். இரண்டு தொகுதிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், தலைமைக்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு ஒரே வட்டாரத்து மக்கள் பதில் சொல்ல நேர்ந்தது.

முன்பே கட்சியின் கொள்கைபரப்புச் செயலாளராக மாநிலம் சுற்றியிருந்த ஜெயலலிதாவுக்கு மேடை புதிதல்ல. ஜானகி பொதுக்கூட்ட அரசியலில் பழகியவர் அல்லர். போடியில் ஜெயலலிதா வென்றார். அங்கே ஜானகி அணி நிறுத்திய நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவால் போட்டியை நெருக்கமாக்க முடியவில்லை. ஆண்டிபட்டியில் தி.மு.க.வின் பி. ஆசையன் வெல்ல, ஜானகி தோற்று அரசியலைவிட்டு விலகினார். விரைவிலேயே இரு அணிகளும் ஜெயலலிதா தலைமையில் இணைந்தன. பரப்புரைத் திறன் ஒரு கட்சியின் தலைமையையே முடிவுசெய்ய உதவிய நிகழ்வு இது.

ஆண்டிபட்டி 2002-இல் மீண்டும் மாநிலத்தின் பார்வைக்கு வந்தது. 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முதல்வர் பதவியை இழந்த ஜெயலலிதா, தம் மீதிருந்த வழக்கில் விடுதலையான பின் அங்கே இடைத்தேர்தலில் நின்று தி.மு.க.வின் வைகை சேகரைத் தோற்கடித்து மார்ச் மாதம் மீண்டும் முதல்வரானார். தொகுதியின் பிரதிநிதியாக ஒரு முதல்வரையே பெறலாம் என்ற எதிர்பார்ப்புக்கு முன் மேடைப் பேச்சு இரண்டாம்பட்சமானது.

2019: ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு

வேட்பாளரின் தனிப்பட்ட செல்வாக்கை அளக்க மிக நல்ல வாய்ப்பைத் தந்தது 2019 ஏப்ரல் 18. அன்று தேனி மக்களவைத் தொகுதிக்கும், அதற்குள் அடங்கிய ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல்களுக்கும் சேர்த்தே வாக்குப்பதிவு நடந்தது. அந்த இரு தொகுதிகளின் வாக்காளர் ஒரே வாக்குச்சாவடியில் இரண்டு முறை பொத்தானை அழுத்தினார்.

மக்களவைக்கு அ.தி.மு.க.வின் ப. ரவீந்திரநாத் குமார், காங்கிரசின் ஈ.வெ.கி.ச. இளங்கோவனை வென்றார். மாநிலம் முழுவதும் தி.மு.க. அணி வாரிச் சுருட்டியபோது எதிரணிக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். ஆனால் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் தி.மு.க.வுக்குப் போயின. ஆண்டிபட்டியில் எதிரெதிரே நின்ற உடன்பிறந்தவர்களில் தி.மு.க.வின் மகாராஜன், அ.தி.மு.க.வின் லோகிராஜனைத் தோற்கடித்தார். இளங்கோவன் கூர்மையான பேச்சாளர். ஆனால் ஈரோட்டுக்காரர், வெளியூர்க்காரர் என்ற பேச்சு அவரைத் துரத்தியது. அதே ஆண்டிபட்டி எம்.ஜி.ஆரையும் ஜெயலலிதாவையும் அப்படிக் கேட்டதில்லை. வெளியூர் என்பது வேட்பாளரின் தகுதியைப் பொறுத்தே குறையானது.

எடைபோடும் அளவுகோல்கள்

இங்கே வேட்பாளரை எடைபோடும் முதல் அளவுகோல் தண்ணீர். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைக் குறிக்கும் 136 அடி, 142 அடி, 152 அடி என்ற எண்கள் பள்ளத்தாக்கில் சிறுவர்களுக்கும் தெரியும். 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த அணையை நம்பியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 142 அடியை 2014 மே 7-இல் உறுதிசெய்த பின், 152 அடிக்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்வி எல்லாக் கட்சிகளிடமும் கேட்கப்படுகிறது. எண்ணை மாற்றிச் சொல்லும் பேச்சாளர் அடுத்த ஊர் போவதற்குள் கேலிக்கு ஆளாவார். பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம், திண்டுக்கல்லிலிருந்து லோயர்கேம்ப் வரை கேட்கப்படும் ரயில் ஆகியவை மற்றக் கேள்விகள்; 2023 வரை மதுரை–போடி அகல ரயில் பாதையும் அவற்றில் ஒன்றாக இருந்தது.

அடுத்தது நேரம். கம்பம், கூடலூர், போடிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் மாலையில்தான் ஊர் திரும்புவார்கள். அதன்பிறகு நடக்கும் கூட்டமே உண்மையான கூட்டம். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். ஆரத்தித் தட்டுகளின் எண்ணிக்கையும் வேனைச் சூழ்ந்த தலைகளும் செய்தியாகின்றன. கட்சிக்காரர்களோ அவற்றை அப்படியே நம்புவதில்லை. கிளைச் செயலாளர் தரும் பூத் வாரிக் கணக்கைத்தான் கேட்பார்கள்.

நேருக்கு நேர் விவாதம்

அமெரிக்காவில் கென்னடியும் நிக்சனும் 1960 செப்டம்பர் 26-இல் சிகாகோவில் நடத்திய முதல் தொலைக்காட்சி விவாதம் இவ்வகை விவாதங்களின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 2024 ஜூன் 27 விவாதத்தில் தடுமாறிய ஜோ பைடன், ஒரு மாதத்துக்குள் போட்டியிலிருந்தே விலகினார். இந்தியாவில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பிரதமர் வேட்பாளர்களும் ஒரே மேடையில் வாதிட்டதில்லை. நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் ஆகியோர் 2024 மே மாதம் நரேந்திர மோடியையும் ராகுல் காந்தியையும் அழைத்தனர். ராகுல் இசைந்தார்; விவாதம் நடக்கவில்லை.

தேனியில் இதற்குப் பதிலாக நடப்பது மேடைக்கு மேடை மறுமொழி. முன்பு ஒரே அணியில் இருந்த டி.டி.வி. தினகரனும் தங்க தமிழ்ச்செல்வனும் 2024-இல் எதிரெதிரே நின்றபோது, ஒரு கூட்டத்தில் எழுந்த குற்றச்சாட்டுக்கு மற்றவர் தம் கூட்டத்தில் பதில் சொன்னார். தி.மு.க. சார்பில் நின்ற தங்க தமிழ்ச்செல்வன் 2,78,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

விளைவு

இத்தேர்தல்களை ஒருசேர வைத்துப் பார்த்தால், கூட்டணிக் கணக்கும் வாக்குப் பிரிவும் பெரிய வித்தியாசங்களை உண்டாக்கியிருப்பதும், பேச்சுத்திறன் தனித்து வெற்றி தந்தது அரிது என்பதும் தெரியும். மேடை எடுபட்டது 1989-ஐப் போல, ஒரே வாக்குவங்கிக்கு இருவர் உரிமை கோரிய இடத்தில்தான். அங்கே வாக்காளர் கட்சியை முன்பே தேர்ந்துவிட்டிருந்தார். ஆளைத் தேர்வதற்கே அவருக்கு மேடை தேவைப்பட்டது.