கோடுகளும் கடிகாரமும்: பெண்கள் கூடைப்பந்தாட்டப் பயிற்சியின் கதை

எமது கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பழகிய பழைய மாணவியர் எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது மைதானத்தைச் சுற்றி ஓடிய ஓட்டத்தைத்தான். பந்து கைக்கு வருமுன் பத்துச் சுற்று. பிழை விட்டால் மேலும் ஐந்து. நானும் அப்படி ஓடியவள். பின்னர் சில வருடங்கள் பயிற்றுநராக நின்று, அதே ஓட்டத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். பெண் எவ்வளவு ஓடலாம், எதற்காக ஓட வேண்டும் என்பது இவ்விளையாட்டோடு கூடவே பிறந்த கேள்வி என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் தொங்கவிட்டு, அணிக்கு ஒன்பது பேராக இவ்விளையாட்டை ஆரம்பித்தார். அடுத்த வருடமே அயலிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை சென்டா பெரன்சன் அதைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893 மார்ச்சில் அங்கு இரு வகுப்பினர் மோதிய ஆட்டத்துக்கு ஆண்கள் அனுமதிக்கப்படவில்லை. முதற்பந்து மேலே எறியப்பட்ட கணத்திலேயே ஒரு மாணவியின் தோள்மூட்டு விலகியதாம்!

பெரன்சன் தளத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். தன் பகுதியை விட்டு எவரும் வெளியேறக்கூடாது. பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. மூன்று தடவைக்கு மேல் தட்டக்கூடாது. பிறர் கையிலிருந்து பறிக்கவும் கூடாது. முரட்டுத்தனத்தையும் அளவுக்கு மீறிய களைப்பையும் தவிர்ப்பதே அவரது நோக்கம். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கோடுகள் இல்லாதிருந்தால் அன்றைய சமூகம் பெண்களை ஆடவே விட்டிருக்குமோ தெரியாது. ஆனால் கோடு பயிற்சியையும் வெட்டியது. பின்பகுதியில் நிற்பவளுக்குக் கூடைக்குள் எறியப் பழகவேண்டிய தேவையில்லை. முன்பகுதியில் நிற்பவளுக்குத் தடுக்கப் பழகவேண்டிய தேவையில்லை.

எங்கள் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டம் இங்கிலாந்தில் இதே விளையாட்டிலிருந்து கிளைத்தது. அதன் விதிகள் 1901இல் அச்சேறின. வளையம் இன்றும் அதே பத்தடி உயரத்தில் இருக்கிறது, தளமும் மூன்று பகுதிதான். எமது மண்ணின் தர்ஜினி சிவலிங்கம் கோல் சூட்டராக நின்று இலங்கைக்குப் புள்ளி குவித்ததும் அப்படி ஒரு பகுதிக்குள் நின்றபடியே.

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் மூன்று பகுதி 1938இல் இரண்டாயிற்று. 1971இல் ஐவர் அணியும் முழுத்தளமும் வந்தன. அயோவா மாநிலப் பாடசாலைகள் அறுவர் ஆட்டத்தை 1993 வரை விடவில்லை. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தாட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்களுக்கு அது 1936இலேயே கிடைத்துவிட்டது.

இப்போது எல்லோரும் ஓட வேண்டும், எல்லோரும் எறிய வேண்டும், எல்லோரும் தடுக்கவும் வேண்டும். அதற்கான உடற்தகைமையை எப்போது வளர்ப்பது? தனியே ஓடவிட்டா, பந்தோடா? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் ஜோன் வூடன் என்ற பயிற்றுநருடையது. கலிபோர்னியாவில் யூ.சி.எல்.ஏ. ஆண்கள் அணியை 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு வருடங்களில் பத்துத் தடவை தேசிய வெற்றியாளராக்கியவர் அவர். முன்பு ஆங்கில ஆசிரியர். ஒவ்வொரு நாளின் பயிற்சியையும் நிமிடக் கணக்கில் முன்கூட்டியே சிறு அட்டையில் எழுதி வருவார். ஒவ்வொரு பயிற்சியும் சில நிமிடங்கள்தான். நேரம் முடிந்தால் அடுத்தது. புதியதைக் களைப்பில்லாத தொடக்கத்தில் கற்பிப்பார். தனியே சுற்றோட்டம் விடாமல், பந்துப் பயிற்சியின் வேகத்திலேயே மூச்சையும் காலையும் பலப்படுத்துவார். 1974-75 பருவத்தில் இரு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளைப் பார்த்து 2,326 கற்பித்தற் செயல்களைக் குறித்துக்கொண்டார்கள். அவற்றில் ஏறத்தாழ முக்காற்பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற அறிவுறுத்தலே. புகழ்ச்சியும் ஏச்சும் மிகக் குறைவு.

இதை நான் வாசித்தது காலம் தாழ்த்தித்தான். அதற்கு முன்பே ஒருநாள், பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி நான் கொடுத்த தண்டனை ஓட்டத்தின் எட்டாவது சுற்றில் மயங்கி விழுந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தண்ணீர் தெளித்த பிறகுதான் தெரியவந்தது. அவளிடம் அதை முன்பே கேட்காதது என் பிழை.

வூடனின் அட்டையை அப்படியே எங்களுக்குப் பொருத்த இயலாது. அவரிடம் இருந்தவர்கள் வளர்ந்த இளைஞர்கள். நாளுக்கு இரண்டு மணித்தியாலம். எங்களுக்கு மூன்று மணிக்கும் நாலேகாலுக்கும் இடையில் எழுபத்தைந்து நிமிடம். அதற்கப்பால் ரியூசன். ஆகவே பணிசும் தண்ணீரும் கொடுத்தே தொடங்கினோம். பந்தைத் தட்டியபடி மெல்லோட்டம் பத்து நிமிடம். உடனே புதிய திறன் ஒன்று, பதினைந்து நிமிடம். கூடைக்கு எறிதல் பத்து நிமிடம். பின் அரைத்தளத்தில் மூவருக்கு மூவர் இருபது நிமிடம். பிள்ளைகள் மிகவும் விரும்பியதும் அதிகம் வியர்த்ததும் அதில்தான். முழுத்தள ஆட்டம் பதினைந்து நிமிடம்; உடலைத் தளர்த்த ஐந்து. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூச்சு வாங்கியபடியே ஆளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஏனெனில் போட்டியிலும் அது மூச்சு வாங்கும்போதுதான் வரும்.

சுற்றோட்டத்தை நிறுத்தியதால் பிள்ளைகள் சோம்பிவிடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பருவத்தில் கடைசிக் கால்பகுதியில் எங்கள் பிள்ளைகள் இடுப்பில் கைவைத்து நின்றதை நான் காணவில்லை. அந்நாட்களில் நிமிடக் கணக்கு எழுதிய மொனிற்றர் கொப்பி இரண்டும் இன்னும் என்னிடம் உள்ளன. தாள் பழுத்துவிட்டது, எழுத்து தெளிவு. நூற்றாண்டு விழாவன்று அவற்றை விளையாட்டு அறையில் ஒப்படைக்கிறேன்.