ஒரே டீசல் எஞ்சின், பல கார் நிறுவனங்கள்: 'மல்டிஜெட்' கூட்டுறவின் எழுச்சியும் முடிவும்

போலந்தின் தென்பகுதியில் உள்ள பியெல்ஸ்கோ-பியாவா நகரின் எஞ்சின் தொழிற்சாலையை மூடப்போவதாக ஸ்டெல்லாண்டிஸ் வாகனக் குழுமம் 2024 ஜனவரியில் அறிவித்தது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழக்க வழிவகுத்த அறிவிப்பு அது. சந்தையில் போட்டியாளர்களாக இருந்த பல நிறுவனங்களின் கார்களில் இடம்பெற்ற 1.3 லிட்டர் 'மல்டிஜெட்' டர்போ டீசல் எஞ்சின், 2003-ஆம் ஆண்டில் இத்தொழிற்சாலையில்தான் உற்பத்திக்கு வந்தது.

கூட்டுறவின் பின்னணி

புதிய எஞ்சின் ஒன்றை வடிவமைக்கப் பெரும் முதலீடு தேவை. சிறிய கார்களில் கிடைக்கும் இலாபமோ குறைவு. எனவே செலவைப் பகிர்ந்துகொள்வது நிறுவனங்களுக்கு அவசியமாயிற்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், இத்தாலியின் ஃபியட் கார் நிறுவனத்தில் 20 சதவீதப் பங்குகளைப் பெற்றது. எஞ்சின் தயாரிப்புக்கென இரண்டும் கூட்டு நிறுவனம் ஒன்றையும் அமைத்தன.

இந்த உறவு நீடிக்கவில்லை. ஃபியட்டின் எஞ்சிய பங்குகளையும் வாங்கவேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட, 2005-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 155 கோடி யூரோ வழங்கியது. ஆயினும் எஞ்சின் பகிர்வு தொடர்ந்தது. ஓப்பல் இதனை 'சிடிடிஐ' என்றும், சுசுகி 'டிடிஐஎஸ்' என்றும், டாடா 'குவாட்ராஜெட்' என்றும் அழைத்தன. ஃபோர்டின் 'கா' காரிலும் இது இடம்பெற்றது.

இயங்கும் முறை

'காமன் ரெயில்' எனப்படும் பொதுக் குழாயில் எரிபொருள் மிக உயர்ந்த அழுத்தத்தில் தேக்கிவைக்கப்படுகிறது. அங்கிருந்து மின்னணுக் கட்டுப்பாட்டின் மூலம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அது செலுத்தப்படுகிறது. மல்டிஜெட்டில் ஒரு சுழற்சிக்கான எரிபொருள், ஐந்து முறை வரை பகுதி பகுதியாகச் செலுத்தப்பட்டது. எரிதல் படிப்படியாக நிகழ்ந்ததால் இரைச்சலும் புகையும் குறைந்தன. கொள்ளளவு 1,248 கன சென்டிமீட்டர்தான் என்றாலும், டர்போ அமைப்பில் செய்யப்பட்ட மாற்றங்களைப் பொறுத்து, ஏறத்தாழ 70 முதல் 95 குதிரைத் திறன் வரை கிடைத்தது.

இந்தியாவில் செல்வாக்கு

இந்த எஞ்சின் பொருத்தப்பட்ட டீசல் ஸ்விஃப்ட் காரை மாருதி சுசுகி 2007-இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. ஃபியட்டின் உரிமத்தின் கீழ் ஹரியானாவின் மானேசரில் எஞ்சின்கள் தயாரிக்கப்பட்டன. புனே அருகே ரஞ்சன்காவிலும் உற்பத்தி நடைபெற்றது. 2010 ஜூனில் பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. டீசலுக்கான மானியமோ தொடர்ந்தது. இந்த விலை வேறுபாடு டீசல் கார்களின் தேவையை உயர்த்தியது. மானேசர் உற்பத்தி போதாத நிலையில், ஆண்டுக்கு ஒரு இலட்சம் எஞ்சின்கள் வரை வாங்க மாருதி 2012-இல் ஃபியட்டுடன் உடன்பாடு கண்டது. 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்று வாகன இதழ்கள் இதனை வர்ணித்தன.

ஒன்றாக வந்த நெருக்கடி

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. 2015-இல் வெளியான ஃபோக்ஸ்வாகன் புகைச்சோதனை மோசடி, இந்த எஞ்சினுடன் தொடர்பற்றது எனினும், உலகெங்கும் டீசல் கார்கள் மீதான நம்பிக்கையைக் குலைத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. புகையைச் சுத்திகரிக்கும் கூடுதல் சாதனங்களின் செலவைச் சிறிய கார்களின் விலை தாங்காது என்று கருதிய மாருதி, அன்று முதல் டீசல் கார் விற்பனையைக் கைவிட்டது.

செலவைப் பகிர்ந்தபோது அனைவருக்கும் ஆதாயம் கிடைத்தது. ஆனால் விதிகள் மாறியபோது, ஒரே எஞ்சினை நம்பியிருந்த நிறுவனங்கள் அனைத்தும் ஒரே கேள்வியை எதிர்கொண்டன. அவை பெட்ரோலுக்கோ மின்சாரத்துக்கோ மாறிக்கொள்ள முடிந்தது. எஞ்சினை மட்டுமே தயாரித்த பியெல்ஸ்கோ-பியாவா தொழிலாளர்களுக்கு அத்தகைய மாற்றுவழி இருக்கவில்லை.