முடி மன்னருக்கு, பிடி கம்பெனிக்கு

தன் பிடிக்குள் வந்த நாடுகள் எல்லாவற்றையும் ரோம் நேரடியாக ஆளவில்லை. பல இடங்களில் உள்ளூர் அரசனையே அரியணையில் இருக்க விட்டது. உள்நாட்டு நிர்வாகம் அவனுடையது. போரும் வெளியுறவும் ரோமின் விருப்பப்படி. கி.மு. 40இல் ஏரோதை யூதேயாவின் அரசன் என்று அறிவித்தது ரோமானிய செனட் சபைதான். அவன் மகன் அர்கெலாயு மீது புகார் எழுந்தபோது, கி.பி. 6இல் அகஸ்டஸ் அவனை நீக்கிவிட்டு யூதேயாவை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார். கொடுத்த கையே எடுத்துக்கொண்டது.

சுமார் 1,800 ஆண்டுகள் கழித்து நாஞ்சில் நாடும் இதைப் போன்ற ஓர் ஏற்பாட்டைப் பார்த்தது. இங்கே ரோமின் இடத்தில் இருந்தது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. ஏரோதின் இடத்தில் திருவிதாங்கூர் மன்னர்.

திருவிதாங்கூர் பலவீனமான நாடு அல்ல. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர் மார்த்தாண்ட வர்மா. ஆனால் 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கியபோது நிலைமை மாறியது. மைசூரின் பலத்தைத் தனியாகச் சமாளிக்க முடியாத திருவிதாங்கூர் கம்பெனியின் துணையை நாடியது. 1795 உடன்படிக்கையின்படி கம்பெனிப் படைக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட ஒப்புக்கொண்டது. 1805இல் வந்த அடுத்த உடன்படிக்கை அந்தத் தொகையை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. நிர்வாகத்திலும் கம்பெனியின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்றது. பாதுகாப்புக்காகக் கேட்ட உதவியே கடனாகி, கடனே கட்டளையாகிவிட்டது.

இந்த 1805 உடன்படிக்கைக்குத் துணை நின்றவர் தளவாய் வேலுத்தம்பி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்தவர். கம்பெனியின் ரெசிடெண்ட் மெக்காலேயுடன் தொடக்கத்தில் நல்லுறவு கொண்டிருந்தார். பணம் பாக்கி விழுந்து நெருக்கடி முற்றியதும் இருவரும் பகைவர்களானார்கள். 1809 ஜனவரியில் குண்டறை விளம்பரத்தின் மூலம் மக்களைப் போருக்கு அழைத்தார் வேலுத்தம்பி. பிப்ரவரி 10ஆம் தேதி ஆரல்வாய்மொழி அரண் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அதே மாதத்தில் உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளும் பணிந்தன. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்விட்டார்.

ரோமானிய வரலாற்றில் இதற்கு இணையாகப் பூடிக்காவைச் சொல்லலாம். பிரிட்டனில் ஐசெனி மக்களின் அரசனான அவள் கணவன், ரோமுக்கு நட்பாக இருந்தவன். தன் சொத்தில் நீரோவுக்கும் பங்கு எழுதி வைத்தான். அவன் இறந்ததும் ரோமானியர் அனைத்தையும் பறித்தனர். கி.பி. 60-61இல் பூடிக்கா கிளர்ந்தெழுந்து தோற்றாள். இரண்டு இடத்திலும் எதிர்த்துக் கிளம்பியது பழைய பகைவர்கள் அல்ல, நண்பர்களாக இருந்தவர்களே என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் யூதேயாவைப் போல் திருவிதாங்கூர் முழுவதும் விழுங்கப்படவில்லை. ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சியில், 1811 முதல் 1814 வரை ரெசிடெண்ட் மன்றோவே திவானாகவும் இருந்தார். மேற்பார்வை செய்பவரும் நிர்வாகம் செய்பவரும் ஒருவரே! அரியணை அப்படியே இருந்தது, ஆணைகளும் ராணி பெயரிலேயே வந்தன. வருவாய்க் கணக்கு மட்டும் மன்றோ கையில் இருந்தது.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு முகத்தை நாகர்கோவில் பகுதி மக்கள் கண்டார்கள். மன்னருக்கு மேல் ஒரு அதிகாரம் இருக்கிறது என்றால், மன்னரின் சட்டத்தால் நசுக்கப்பட்டவர்கள் முறையிட ஓர் இடம் இருக்கிறது என்று அர்த்தம். 1818இல் நாகர்கோவிலில் மீட் தலைமையில் வேரூன்றிய லண்டன் மிஷனுக்கு மன்றோவின் ஆதரவு இருந்தது. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய போராட்டத்தில் 1829 அரச அறிவிப்பு கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. 1858-59 கலவரங்களுக்குப் பின், சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் அழுத்தத்தால், 1859இல் எல்லா நாடார் பெண்களுக்கும் மேலாடை அனுமதிக்கப்பட்டது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக்கூடாது என்ற தடை நீடித்தது.

இதைக் கொண்டு கம்பெனியை ஏழைகளின் காவலன் என்று சொல்லிவிட முடியாது. 8 லட்சம் ரூபாயைச் சுமந்ததும் அதே ஏழைகளின் உழைப்புதான். 1829க்கும் 1859க்கும் இடையில் 30 ஆண்டுகள் ஓடின. வெள்ளையர் மனம் வைத்ததால் மட்டும் அந்த அனுமதி வரவில்லை. அடிபட்டும் ஆடையைக் கழற்ற மறுத்த பெண்கள் இருந்ததால்தான் வந்தது. பேரரசுகள் உள்ளூர் அரசனைத் தாங்குவதும் தள்ளுவதும் தங்கள் லாபத்துக்காகவே. அந்த இருவருக்கும் நடுவில் கிடைத்த சிறு இடைவெளியைத் தங்கள் உரிமைக்குப் பயன்படுத்திக்கொண்டதுதான் அந்த எளிய மக்களின் சாதனை.