கதிரவனை நோக்கிச் செல்லும் சாலை

மலைமேற் செல்லும் பாதை என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன கொண்டை ஊசி வளைவுகளே. ஒவ்வொரு வளைவிலும் எண் பொறித்த கல் ஒன்று நிற்கும்; வண்டியில் இருக்கும் சிறுவர் அவற்றை உரக்க எண்ணிக்கொண்டே வருவர். ஆனால் பெருமலைத்தொடர் ஒன்றை ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவோடு கடந்து செல்லும் சாலையும் உலகில் உண்டு. அதன் வரலாற்றையே ஈண்டு நாம் காணப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கில், கனடாவின் எல்லையை ஒட்டி அமைந்தது மான்டனா மாநிலம். அங்குள்ள ராக்கி மலைப் பகுதி 1910-ஆம் ஆண்டு மே மாதம் பனியாற்றுத் தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. பூங்கா பிறந்ததேயன்றி, அதனுட் செல்ல வழி பிறக்கவில்லை. தென் எல்லையோரமாக இருப்புப்பாதை ஒன்று சென்றது. இரயிலில் வந்து இறங்கிய செல்வர், குதிரைகளை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு நாட்கணக்கில் மலைகளிற் சுற்றினர். சொந்த மோட்டார் வண்டியில் வந்தவர்களோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல, வண்டியையே இரயிலில் ஏற்றி அனுப்பவேண்டியிருந்தது!

தேசியப் பூங்காத் துறையின் முதல் தலைவர் ஸ்டீபன் மேதர் இந்நிலையை விரும்பவில்லை. பொதுமக்கள் கண்டால்தான் பூங்காக்களுக்கு ஆதரவு பெருகும் என்பது அவர் கருத்து. அதே சமயம், ஒவ்வொரு பெரும் பூங்காவிலும் சிறந்த சாலை ஒன்று இருந்தாற் போதும், எஞ்சிய இடம் காடாகவே இருக்கட்டும் என்றும் அவர் எண்ணினார். 1921-இல் ஒரு லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டு வேலை தொடங்கியது. தாழ்நிலத்தில் ஏரிக்கரை ஓரமாகச் சாலை எளிதாகவே நீண்டது. மலையின் அடிவாரத்தை எட்டியபோதுதான் வழக்கு எழுந்தது.

துறையின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் குட்வின், பள்ளத்தாக்கின் சரிவிலேயே பதினைந்து வளைவுகளாக மடித்து மடித்துச் சாலையை மேலேற்றத் திட்டமிட்டிருந்தார். செலவு குறைவு, வேலையும் எளிது. நிலத்தோற்றக் கலைஞரான தாமஸ் வின்ட் என்னும் இளைஞர் அதை மறுத்தார். அவ்வளவு வளைவுகளையும் வெட்டினால் அழகிய பள்ளத்தாக்கு சுரங்கம் தோண்டிய நிலம்போல் ஆகிவிடும் என்பது அவர் வாதம். அதற்கு மாறாக, ஒரே ஒரு வளைவுக்குப் பின், ‘தோட்டச் சுவர்’ எனப்படும் செங்குத்தான பாறை முகட்டின் பக்கவாட்டிலேயே சாலையைச் செதுக்கிக்கொண்டு போகலாம் என்றார். செலவு மிகும், ஆபத்தும் மிகும். 1924-இல் மேதர் இடத்தை நேரிற் சென்று கண்டு வின்டின் பக்கம் சாய்ந்தார். மறு ஆண்டில் குட்வின் பதவி துறந்தார். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கொடுத்த பணத்துக்குள் முடிக்கவேண்டும் என்று எண்ணிய பொறியாளர் அவர்.

1924-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே, பொதுச்சாலைத் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் கிட்ரெட்ஜ் முப்பத்திரண்டு பேருடன் அளவெடுக்கப் புறப்பட்டார். நாள்தோறும் காலையில் இரண்டாயிரம், மூவாயிரம் அடி ஏறவேண்டும். பின் கயிற்றில் தொங்கியவாறு பாறையில் குறியிடவேண்டும். மழையும் பனியும் இடைவிடாது வந்தன. வேலையை விட்டுச் சென்றோர் தொகை மிகப் பெரிது: மூன்றே மாதத்தில் அக்குழுவின் ஆள்பலத்தைப்போல் மும்மடங்கு பேர் வந்து மாறினராம்.

பாறையை உடைத்தோர் பெருவெடிகளைத் தவிர்த்துச் சிறு சிறு வெடிகளையே வைத்தனர்; உடைந்த கற்கள் சரிவிலுள்ள மரங்களை அழித்துவிடலாகாதன்றோ? தடுப்புச் சுவர்களும் பாலங்களும் அம்மலையிற் கிடைத்த கல்லாலேயே கட்டப்பட்டன. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு, சாலை எது, பாறையின் வரி எது என்று பிரித்தறிவது அரிது. கிழக்குப் பக்கம் 408 அடி நீளமுள்ள சுரங்கவழி குடையப்பட்டது. இவ்வேலையில் மூவர் உயிர் நீத்தனர்.

1932-இல் முழுச் சாலையும் முடிந்தது. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். உச்சியிலுள்ள லோகன் கணவாயின் உயரம் 6,646 அடி. 1930-இல் மறைந்த மேதர் அதை முழுமையாகக் காணவில்லை. 1933 ஜூலை 15-ஆம் நாள் கணவாயில் நடந்த திறப்பு விழாவுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அருகிலிருந்த மலையின் பெயரால் அதற்குக் ‘கதிரவனை நோக்கிச் செல்லும் சாலை’ என்று பெயர் நிலைத்தது.

விழாவில் பிளாக்ஃபீட், கூட்டனை, ஃபிளாட்ஹெட் என்னும் பழங்குடிகள் ஒன்றுகூடிச் சமாதானப் புகைக்குழலைப் பகிர்ந்துகொண்டனர். விருந்தினர்போல் மேடையேறிய பிளாக்ஃபீட் மக்களுக்குக் கணவாயின் கிழக்கிலுள்ள மலைகள் ஒரு காலத்தில் சொந்தமாயிருந்தன. 1895-இல் பதினைந்து லட்சம் டாலருக்கு அவற்றை அரசு பெற்றது. செம்பு கிடைக்கும் என்ற ஆசையே அதற்குக் காரணம். செம்போ போதிய அளவு கிடைக்கவில்லை. அரசின் பொதுநிலமாக இருக்கும்வரை அங்கு வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் மரம் வெட்டவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று அவர்கள் உடன்படிக்கையில் எழுதி வாங்கியிருந்தனர். பூங்கா ஆனபின் அது பொதுநிலமன்று என்றது அரசு. அவ்வுரிமைகள் அழியவில்லை என்பது அம்மக்களின் வாதம். பாறையின் தோற்றம் கெடாதவாறு அவ்வளவு கருத்தோடு பார்த்துக்கொண்டவர்கள், இந்த வழக்கை அந்தக் கருத்தோடு நோக்கினதாக நமக்குத் தோன்றவில்லை.

குளிர்காலம் முழுதும் சாலையின் மேற்பகுதி பனியில் மூடிக்கிடக்கும். கணவாயின் கிழக்கே பனி 80 அடி வரை குவிவதுண்டு. வசந்தத்தில் தொடங்கும் பனியகற்றும் வேலை முடிந்து, பெரும்பாலும் ஜூன் இறுதியிலோ ஜூலையிலோதான் வழி திறக்கிறது. பூங்காவிற்குப் பெயர் தந்த பனியாறுகளோ சுருங்கி வருகின்றன. 1966-இல் பெயர் பெற்றவை 35 இருந்தன. 2015-இல் பனியாறு என்னும் அளவுக்குப் பொருந்தியவை 26 மட்டுமே. கிழக்குச் சரிவில் வண்டியை நிறுத்தி, சாலையோரத்திலிருந்தே ஜாக்சன் பனியாற்றைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது பக்கத்திலுள்ள பிளாக்ஃபுட் பனியாற்றோடு ஒன்றாய்க் கிடந்தது. இன்று இரண்டுக்கும் நடுவே வெறும் பாறை தெரிகிறது.