எடையும் கேட்கப்படாத கேள்வியும்

உடல் பருமன் என்றதும் எண்ணெய்ப் பலகாரமும் சோம்பலும்தான் நம் நினைவுக்கு வரும். ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பதற்கும் அவருடைய எடைக்கும் தொடர்பு உண்டா? அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்கவே மருத்துவ உலகத்துக்கு வெகுகாலம் ஆயிற்று.

அதற்கு முன்பே வாய் திறந்தவர்கள் பருமனான பெண்கள்தான். 1970களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 'ஃபேட் அண்டர்கிரவுண்ட்' என்ற சிறு குழு உருவானது. தன்பாலீர்ப்புப் பெண்கள் பலர் அதில் இருந்தனர். அவர்கள் மருத்துவ நூலகங்களுக்குப் போய் ஆய்விதழ்களைப் படித்தார்கள். டயட் இருந்து இளைத்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் பருத்துவிடுகிறார்கள் என்பதை அங்கே கண்டார்கள். 1973 நவம்பரில் ஜூடி ஃப்ரீஸ்பிரிட், ஆல்டிபரான் என்ற இருவரும் ஓர் அறிக்கை எழுதினர். எடை குறைப்புத் தொழிலை எதிரி என்றே அது அறிவித்தது. பருமனானவர்களை இழிவாக நடத்தும் மருத்துவர்களையும் இக்குழு சாடியது.

புள்ளிவிவரமோ மிகத் தாமதமாகத்தான் வந்தது. 1989இல் தொடங்கிய இரண்டாம் செவிலியர் நல ஆய்வில் 1,16,000க்கும் மேற்பட்ட பெண் செவிலியர்கள் சேர்ந்தனர். அவர்களுடைய பாலீர்ப்பு பற்றி 1995இல்தான் கேட்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பு ஒன்றை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியானது. மற்ற பெண்களோடு ஒப்பிட்டால், தன்பாலீர்ப்புப் பெண்கள் பருமனாக இருக்கும் வாய்ப்பு விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல் என்றது அது. ஆண்களிடம் நிலைமை நேர்மாறு. தன்பாலீர்ப்பு ஆண்களிடம் பருமன் மற்ற ஆண்களைவிடக் குறைவு என்றே பல ஆய்வுகள் கூறின.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் கூறும் விளக்கங்களில் ஒன்று, ஐலன் மேயர் 2003இல் விரிவாக எழுதிய 'சிறுபான்மையினர் மன அழுத்தம்'. ஒதுக்கப்படுவதும், தன்னை மறைத்தே வாழ்வதும் நாளடைவில் உடல்நலத்தையும் கெடுக்கும் என்பது அதன் சாரம். 2016இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், பாலியல், பாலினச் சிறுபான்மையினரை நலவாழ்வில் பின்தங்கிய பிரிவினராக ஆய்வுக்கு அங்கீகரித்தது.

இப்போது எண்கள் கிடைத்துவிட்டன. ஆனால் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் இன்னொரு ஏளனமாகவே முடியும். எடைக்காக ஒருமுறை, நேசத்துக்காக ஒருமுறை என இரட்டை அவமானம் காத்திருக்கிறது என்று அஞ்சும் பெண் மருத்துவமனைப் பக்கமே போகமாட்டார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அவருக்குத் தெரியாமலே முற்றிவிடும். எடை பார்க்கும் முன் மரியாதை வேண்டும் என்று 1973இலேயே அந்தப் பெண்கள் போராடியது இதற்காகவும்தான்.