பதினைந்து நோயாளி, ஒரு வைத்தியர், மூணு குறுணி நெல்

"உலகின் முதல் ஆஸ்பத்திரியைக் கட்டியவன் தமிழன்" என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சுத்தி வரும். உங்களுக்கும் வந்திருக்கும். அதில் சொல்ற கல்வெட்டு நிஜம். 'முதல்' என்பதுதான் டூப்பு. இலங்கை மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டு ஆஸ்பத்திரியின் இடிபாடுகளே இருக்கு. பாக்தாத்திலும் அந்தக் காலத்திலேயே ஆஸ்பத்திரிகள் நடந்தன.

சரி, முதல் இல்லைன்னா போகட்டும். அந்தக் கல்வெட்டுக்கு வேறொரு பெருமை இருக்கு. அதை யாரும் ஃபார்வர்டு பண்றதில்லை. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

வாலாஜாபாத் பக்கத்தில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். அங்கே உள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்து நீளமான கல்வெட்டு இருக்கு. வெட்டப்பட்டது 1068 வாக்கில். ஆனா உத்தரவு பிறந்தது அங்கே இல்லை. ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தெற்கே, கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையில். அதாவது இன்றைய அரியலூர் மாவட்டத்தில். (1995 வரை திருச்சி மாவட்டம், அப்புறம் பெரம்பலூர், 2001-ல் அரியலூர், மறு வருஷமே மறுபடி பெரம்பலூர், 2007-லிருந்து திரும்ப அரியலூர். மாவட்டம் மாறுகிற வேகத்தில் இந்த ஊரை அடிச்சுக்க ஆளில்லை :-)) அந்த அரண்மனையில் இப்போ மிச்சம் இருப்பது மாளிகைமேட்டில் தோண்டி எடுத்த செங்கல் அஸ்திவாரம்தான்.

ராஜா போட்ட உத்தரவு என்ன? வயலைக்காவூர் என்ற ஊரின் வரி வருமானம் கோயிலுக்குப் போகணும். அதில் பூஜை, திருவிழாவோடு ஒரு கல்லூரி, ஹாஸ்டல், ஆஸ்பத்திரி மூன்றும் நடக்கணும். ஆஸ்பத்திரிக்குப் பேர் வீரசோழன் ஆதுலசாலை. மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்குமானது. 15 பேர் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்.

கல்வெட்டைப் படிச்சா மெய்க்கீர்த்தியில்தான் வீரம் எல்லாம். மற்றபடி நாம ஆபீஸில் பார்க்கிற பட்ஜெட் ஷீட் மாதிரியே இருக்கும். வருஷச் சம்பளம் இப்படி:

வைத்தியர் ஒருத்தர்: 90 கலம் நெல், 8 காசு
அறுவை சிகிச்சை செய்பவர் ஒருத்தர்: 30 கலம்
மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சுகிற இரண்டு பேர்: 60 கலம், 2 காசு
நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு மருந்து கொடுக்கும் பெண்கள் இரண்டு பேர்: 30 கலம், 1 காசு
நாவிதர்: 15 கலம்
தண்ணீர் கொண்டுவருபவர்: 15 கலம்

ஒரு கலம் 12 குறுணி, ஒரு குறுணி 8 நாழி. 360 நாளுக்கு வகுத்துப் பாருங்க. வைத்தியருக்கு நாளுக்கு மூணு குறுணி, சர்ஜனுக்கு ஒரு குறுணி, மூலிகைக்காரருக்கும் அதே ஒரு குறுணி. நர்ஸுக்கு 4 நாழி, நாவிதருக்கும் அதே 4 நாழி. எல்லாம் சுத்தமா வகுபடுது. உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் நிர்ணயிச்சிருக்காங்க. மருந்து வாங்க வருஷத்துக்கு 40 காசு தனி. ராத்திரி முழுக்க ஒரு விளக்கு எரிய எண்ணெய் தனி.

கத்தியைக் கையில் எடுக்கிறவருக்கு வைத்தியரைவிட மூணில் ஒரு பங்கு சம்பளம் என்பதைக் கவனிங்க. ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் இதே கதைதான். புத்தகம் படிச்சவர் பெரியவர், அறுக்கிறவர் நாவிதரோடு நாவிதர்.

ஸ்டாக்கில் இருக்க வேண்டிய மருந்துகள் சுமார் இருபது. கடுக்காயோடு ஆடாதோடை, பத்து வேர், சேராங்கொட்டை என்று ஒவ்வொன்றும் சேர்த்துச் செய்கிற மருந்துகள், வில்வ நெய், பழைய நெய்... இப்படிப் போகுது. பேரெல்லாம் சமஸ்கிருதத்தில், ஆயுர்வேத முறையில்.

இனி கல்லூரி. ரிக் வேதத்துக்கு 10 மாணவர், யஜுர் வேதத்துக்கு 10, வியாகரணமும் ரூபாவதாரமும் (சமஸ்கிருத இலக்கணம்) படிக்க 20, பாஞ்சராத்திரத்துக்கு 10... எல்லாம் சேர்த்து ஹாஸ்டலில் 60 பேர். சாப்பாடு, பாய், விளக்கு, சனிக்கிழமை தேய்ச்சுக் குளிக்க எண்ணெய் வரைக்கும் ஒதுக்கீடு உண்டு. பெரிய கல்லூரி வேணும்னா விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம். ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர், 14 ஆசிரியர். மருத்துவத்தையே பாடமா நடத்தினதுக்கு விக்கிரம சோழன் காலத்துத் திருவாவடுதுறை கல்வெட்டு சாட்சி. அங்கே சரக சம்ஹிதை, அஷ்டாங்க ஹிருதயம் ரெண்டும் சொல்லிக்கொடுத்தாங்க.

அதே நேரம் மேற்கே என்ன நடந்தது? இத்தாலியில் சலெர்னோ மருத்துவத்துக்குப் பேர்போன ஊர். ஹிப்போகிரட்டஸ், காலன் எழுதின கிரேக்கத்தைப் படிக்க அங்கே பெரும்பாலும் ஆளில்லை. ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் என்ற துறவி, கிரேக்க மருத்துவத்தை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். பொலோனியா பல்கலைக்கழகம் தன் பிறந்த வருஷமாச் சொல்வது 1088. அங்கே பாடமொழி லத்தீன், இங்கே சமஸ்கிருதம். ரெண்டு பக்கமும் தெருவில் பேசாத மொழியில்தான் பெரிய படிப்பு.

வாட்ஸ்அப் மெசேஜ் மறைக்கிறது இதைத்தான். அந்த 60 சீட்டில் தமிழ்ப் படிப்பு இல்லை. வயலைக்காவூரில் நெல் விளைவிச்சு வரி கட்டின குடியானவன் பிள்ளைக்கு அந்தக் கல்லூரியில் இடமும் இல்லை. வேதம் படிக்கப் பிறப்பு வேணும். யாருடைய நெல், யாருடைய சீட்டு?

இந்தக் கேள்வி பழங்கதை இல்லை. உத்தரவு பிறந்த அதே மாவட்டத்தில், குழுமூரைச் சேர்ந்த கூலித் தொழிலாளியின் மகள் அனிதா, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தும் நீட்டால் டாக்டர் சீட் கிடைக்காமல் 2017 செப்டம்பரில் உயிரை விட்டார். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க, 150 சீட்டோடு. 1068-ல் நெல் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை உள்ளே போக இத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கு. நுழைவு விஷயத்தில் சண்டை இன்னும் முடியலை.

அதனால சோழனைத் திட்டணும்னு சொல்லலை. நர்ஸுக்கு எத்தனை நாழி, விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்று கல்லில் வெட்டி வைக்கிற நிர்வாகம் பெரிய விஷயம்தான். தொகையைப் பொதுவில் எழுதிட்டா, பின்னால் வர்ற அதிகாரி அவ்வளவு சுலபமா முழுங்க முடியாது. பெருமைப்பட வேண்டியது அந்தக் கணக்குக்காக. கேள்வி கேட்க வேண்டியதும் அதே கணக்கை வெச்சுத்தான்.

டிஸ்கி: அடுத்த தடவை அந்த மெசேஜ் வந்தா, டெலிட் பண்ணாம சம்பளப் பட்டியலைப் பதிலா அனுப்புங்க. க்ரூப்பில் ஒருத்தராவது "அப்போ சர்ஜனுக்கு ஏன் கம்மி?"ன்னு கேட்பார். அங்கிருந்துதான் சரித்திரம் ஆரம்பிக்குது.