மரத்தின் பெயரும் பட்டையின் பெயரும்

வங்கியில் என் மேஜைக்குப் பெயர் மாற்றிக்கொண்டவர்கள் அடிக்கடி வருவார்கள். அரசிதழில் புதுப் பெயர் வந்துவிட்டிருக்கும்; காசோலைகள் மட்டும் வருஷக்கணக்கில் பழைய பெயருக்கே வந்துகொண்டிருக்கும். ஆப்பிரிக்க மலைக்காட்டு மரம் ஒன்றின் சரித்திரத்தைப் படிக்கையில் இவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

காமரூன், எத்தியோப்பியா, கென்யா, தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர் என்று உயர்ந்த மலைகளில் வளரும் மரம் இது. கிக்கூயு மக்களுக்கு முயிரி. காய்ச்சலுக்கும் நெஞ்சுவலிக்கும் இதன் பட்டை அந்த மலைவாசிகளிடையே மருந்து. காமரூன் மலையிலும் அருகிலுள்ள தீவுகளிலும் குஸ்டாவ் மான் சேகரித்த தாவரங்களை ஜோசப் டால்டன் ஹூக்கர் 1864-ல் விவரித்தபோது, இதற்கு பைஜியம் ஆப்பிரிக்கானம் என்று பெயரிட்டார். பைஜியம் என்ற பேரினத்தை 1788-லேயே கேர்ட்னர் இலங்கை மரம் ஒன்றை வைத்து உண்டாக்கியிருந்தார். கிரேக்கத்தில் பிட்டம் என்று பொருள். கனி நடுவில் பிளவுபட்டு இரு பாதியாகத் தெரிவதால் வந்த பெயர். இலங்கைக் கனி ஒன்றைப் பார்த்து ஒரு ஜெர்மானியர் வைத்த கிரேக்கப் பெயரை ஆப்பிரிக்க மரம் நூறு வருஷம் சுமந்தது.

1965-ல் ஹாலந்துக்காரரான கால்க்மன் பைஜியத்துக்கும் ப்ரூனஸுக்கும் இடையே போட்டிருந்த வேலி நிற்காது என்று காட்டினார். பிளம், பீச், வாதுமை இருக்கும் பேரினத்துக்கு மரம் போய்ச் சேர்ந்தது: ப்ரூனஸ் ஆப்பிரிக்கானா. தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது. இலையைக் கசக்கினால் வாதுமை வாசனை வரும். பெயர் தப்பாயிருந்த காலத்திலும் இந்த வாசனை இருந்தது.

அடுத்த வருஷமே, 1966-ல், ஜாக் தெபா என்ற பிரெஞ்சுக்காரர் பட்டையின் சாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வயதான ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்து. ஐரோப்பாவில் அது பைஜியம் என்றே விலைபோயிற்று. அந்த மருந்தைப் பற்றி 2002-ல் வந்த கோக்ரேன் மதிப்பாய்வின் தலைப்பிலும் பழைய பெயர்தான்.

காமரூனில் 1970களில் வியாபாரத்துக்காகப் பட்டை உரிப்பது தொடங்கியது. அடிமரத்தில் எதிரெதிரான இரண்டு கால்பங்குகளை மட்டும் உரித்து, மீதியை விட்டுவிட வேண்டும். உரித்த இடத்தில் பட்டை மீண்டும் வளரச் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டும். இதுதான் முறை. 1980களின் நடுவில் உரிமம் பலர் கைக்குப் போனதும் முறை குலைந்தது. சுற்றிலும் உரித்தார்கள், வெட்டிச் சாய்த்தும் உரித்தார்கள். 1995-ல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் மரம் சேர்ந்தது, புதுப் பெயரில். 2007-ல் ஐரோப்பிய ஒன்றியம் காமரூன் பட்டையின் இறக்குமதியைச் சில காலம் நிறுத்தி வைத்தது.

சட்டம் ஒரு பெயரிலும் கடை ஒரு பெயரிலும் இருந்ததால்தான் மரங்கள் செத்தன என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே பெயர் இருந்திருந்தாலும் உரித்துத்தான் இருப்பார்கள். வகைப்பாட்டை ஏளனம் செய்வதும் சுலபம். பட்டியலில் ஏற்றிக் காப்பாற்ற ஸ்திரமான பெயர் வேண்டும், அதைத் தந்தது கால்க்மனின் பொறுமையான வேலை. ஆனால் மரம் யாருக்கு உறவு என்று சொல்லும் பெயர், அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்வதில்லை. கால்பங்கு உரித்துக் கால்பங்கு விடும் கணக்கு எந்த லத்தீன் சொல்லிலும் இல்லை. அது உரிப்பவன் கையில் இருக்க வேண்டும்.

நம் வட்டத்திலும் வகைப்படுத்தலுக்குக் குறைவில்லை. இவன் படிமக் கவிஞன், அவன் சர்ரியலிஸ்ட் என்று பேரினம் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன், சில இடங்களில் சரியாகவே எழுதியிருக்கிறேன். ஒரு கவிதையிலிருந்து என் கட்டுரைக்கு வேண்டியதை உரித்துக்கொண்ட பிறகு, அதில் பட்டை மீதி இருக்கிறதா என்று திரும்பிப் போய்ப் பார்த்தது மட்டும் குறைவு.